1,200 அடி போர் போடலாமா, கிணத்து முறையை நம்பலாமா? (வசிஷ்ட நதிக்கரை, 3 ஏக்கர்)

#1 பாக்குத்தோப்பு85
மார்ச் 2, காலை 6:10

எல்லாருக்கும் வணக்கம். நமக்குப் பெத்தநாயக்கன்பாளையம் பக்கம். ஆத்தை ஒட்டி 3 ஏக்கர். ஒன்றரை ஏக்கர்ல பாக்கு, 780 மரம், வச்சு எட்டு வருசம். போன வருசம்தான் நல்ல காய்ப்புக்கு வந்துச்சு. மீதி ஒன்றரையில குச்சிக்கிழங்கு, அஞ்சு மாசப் பயிர்.

கிணறு 75 அடி. அதுல எங்களுக்குப் பாதி, பெரியப்பா பையனுக்குப் பாதி. ஒரு நாள் அவங்க முறை, ஒரு நாள் எங்க முறை. தாத்தா காலத்துல எழுதுன பாகப் பத்திரத்துலயே இது இருக்கு. இப்ப ஒன்றரை மணி நேரம் மோட்டார் ஓடுனா காத்து இழுக்குது. மேல இருக்கற ஆனைமடுவு அணையில இருந்து ஆத்துல வந்த தண்ணி தை மாசத்தோட நின்னுபோச்சு.

2019-ல அப்பா 870 அடிக்குப் போர் போட்டார். தண்ணி வரல, புகைதான் பறந்துச்சு. அந்தக் கடனைத் திருப்பூர் பனியன் கம்பெனியில இருந்து நான்தான் கட்டி முடிச்சேன். இப்ப அப்பாவுக்கு முடியாததால நானே வந்து உக்காந்துட்டேன்.

மாமனார் நகையை வச்சுத் தர்றேன், 1,200 அடி போடுங்கறார். தேங்காய் வச்சு ஊத்து பாக்கற ஐயா வந்து தென்கிழக்கு மூலையில தேங்காய் கையில செங்குத்தா எந்திரிச்சு நின்னுச்சு, நாலு விரக்கடை ஊத்து இருக்குன்னு சொல்லிட்டார். போர் வண்டி சனிக்கிழமை வருது. அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. என்ன பண்ணலாம்?

#2 குச்சிக்கிழங்கு ராஜா
மார்ச் 2, காலை 7:31

தேங்காய் பாத்த ஐயா காசு எவ்ளோ வாங்குனார்? எங்க ஊர்ல தேங்காயையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டார்.

#3 மதகுச்சாவி
மார்ச் 2, இரவு 8:45

தம்பி, நான் வாய்க்காலில் லஸ்கராக, அதாவது மதகு திறந்து மூடும் ஆளாக, இருந்து ஓய்வு பெற்றவன். 28 வருடம் மதகுச் சாவி என் இடுப்பில் இருந்தது. சாவி இருந்தது என்றுதான் சொல்கிறேன். தண்ணீர் என் கையில் இருந்தது என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. காரணம் சொல்கிறேன்.

நம் ஆறு அருநூற்றுமலையில் பிறந்து, ஆத்தூர், தலைவாசல் தாண்டி, சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. பெயர்தான் நதி. வருடத்தில் பத்து மாதம் மணலும் முள்ளும்தான், இப்போது மணலும் இல்லை. மேலே ஆனைமடுவு 67.25 அடி, கரியகோவில் 52.49 அடி. இரண்டு சின்ன அணைகள். நல்ல வடகிழக்குப் பருவமழை பெய்தால் நிரம்பும், இல்லாவிட்டால் பாதி. அணை நிரம்பியதும் எல்லோரும் நெல் நாற்று விட ஆரம்பிப்பார்கள். வருடா வருடம் அடிதடி அங்கேதான் ஆரம்பிக்கும். ஆற்றில் விடுவதா, வாய்க்காலில் விடுவதா என்று.

என் அனுபவத்தில் ஆற்றில் விடுகிற தண்ணீர் வயலுக்கான தண்ணீர் இல்லை. அது கிணற்றுக்கான தண்ணீர். ஆற்றில் இருபது நாள் ஓடினால் கரையிலிருந்து அரை மைலுக்குக் கிணறுகளில் ஊற்று எடுக்கும். அதை வைத்து மூன்று மாதம் ஓட்டலாம். அந்த இருபது நாளில் ஆற்றுக்குள்ளேயே ஆயில் என்ஜினை இறக்கி உறிஞ்சி வயலில் கட்டினால், வயல் நாலு நாள் பளபளக்கும், கிணறு ஏமாந்துவிடும்.

ஒரு வருடம் ராத்திரி இரண்டு மணிக்கு வாய்க்காலில் திடீரென்று தண்ணீர் குறைந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே போனேன். வாழைமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு, சாக்கில் மண் கட்டி அடைத்து, மேலே ஒருத்தர் போர்வை போர்த்திப் படுத்திருந்தார். சாக்கை இழுத்தேன், எழுந்து உட்கார்ந்தார். பார்த்தால் என் பங்காளி. "நீயும் இந்தத் தண்ணியில வெளஞ்ச சோத்தைத்தானடா திங்கிற" என்றார். நான் சாக்கை எடுத்துவிட்டு வந்தேன். அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டில் இருந்து பலகாரம் வரவில்லை.

கிணற்றில் பங்கு இருக்கிற உனக்கு முதலில் சரி செய்ய வேண்டியது பெரியப்பா மகனோடு உள்ள முறையை. பூமிக்கடியில் தேடுவது அதற்கு அப்புறம்.

#4 கணக்குப்புலி
மார்ச் 2, இரவு 10:20

ஐயா சொன்னதுக்குக் கணக்கு போட்டுக் காட்டறேன். ஆனைமடுவு கொள்ளளவு 267 மில்லியன் கன அடி, அதாவது 26 கோடியே 70 லட்சம். ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணி பாயற நிலம், 5,011 ஏக்கர். வகுத்தா ஏக்கருக்கு சுமார் 53,000 கன அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அப்ப அணை முழுசா நிரம்பி, வெயில்ல ஒரு சொட்டு ஆவியாகாம, வாய்க்கால்ல ஒரு சொட்டு கசியாம வந்தாலே ஒரு ஏக்கர் மேல ஒன்னேகால் அடிக்கும் குறைவாத்தான் தண்ணி நிக்கும். நெல்லுக்கு நாலு அடி வேணும். மழை கொஞ்சம் குடுக்கும், மீதி கிணறுதான் குடுக்கணும். அணையை நம்பி எல்லாரும் நெல் நட்டா பாதியில கருகறதுல ஆச்சரியமே இல்ல.

போர் விசயம்: நம்ம மாவட்டம் முழுக்கக் கெட்டிப்பாறை. மேல சிதைஞ்ச பாறை இருக்கற வரைக்கும்தான் பஞ்சு மாதிரி தண்ணி பிடிக்கும். அதுக்குக் கீழ பாறை வெடிப்புல ஓடற தண்ணிதான். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். 870-ல புகை வந்த இடத்துல இன்னும் 330 அடி போறது சீட்டு எடுக்கற மாதிரி. அப்படியே கிடைச்சாலும் அது உங்க தோட்டத்துத் தண்ணியா இருக்காது, பக்கத்துத் தோட்டத்து வெடிப்புல இருந்து இழுக்கறதா இருக்கும். அடுத்த வருசம் அவர் 1,300 போடுவார்.

#5 தலைவாசல் தம்பி
மார்ச் 3, காலை 5:50

எல்லாம் சரி. யாரும் சொல்லாத ஒன்னை நான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வருசத்துக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யற ஊர்ல, 12 மாசமும் ஈரம் கேக்கற பாக்கை வச்சது யாரு? வாழப்பாடியில இருந்து ஆத்தூர் வரைக்கும் ஆத்தோரம் பூரா பாக்கு. மேல இருக்கற நீங்க உறிஞ்சி முடிச்சு மிச்சம் வர்றதுதான் கடைமடையில எங்களுக்கு. போன அஞ்சு வருசத்துல எங்க ஏரி ரெண்டு தடவைதான் நிரம்பிக் கலிங்கு தாண்டுச்சு. நாங்க மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுட்டு வானத்தைப் பாக்கறோம்.

மரத்தைக் காப்பாத்த வழி கேக்கறீங்க. நியாயம்தான். ஆனா ஆத்துத் தண்ணிக்கு நாங்களும் பங்காளிங்க.

#6 பாக்குத்தோப்பு85
மார்ச் 3, காலை 6:40

தம்பி, மரத்தை வச்சது எங்கப்பா. அப்ப கிணத்துல கல்லைப் போட்டா "டொபுக்"குன்னு சத்தம் கேக்கும். குச்சிக்கிழங்குக்கு மில்லுல என்ன விலை குடுத்தாங்கன்னு உங்களுக்கும் தெரியும். கூலி ஆளும் கிடைக்கல. பாக்குன்னா தோப்பைக் குத்தகைக்கு விட்டா அவங்களே மரம் ஏறிக்குவாங்க. எல்லாரும் பாக்குக்குப் போனது பேராசையில இல்ல.

#7 தலைவாசல் தம்பி
மார்ச் 3, காலை 6:58

பேராசைன்னு நான் சொல்லல. இனிமே புதுசா வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

#8 மட்டுறுத்துநர்
மார்ச் 3, காலை 9:00

பாக்கு விலை பற்றித் தனி இழை இருக்கிறது. "மேல் ஊர்க்காரன்", "கீழ் ஊர்க்காரன்" என்று தொடங்கிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

#9 ஓமலூர்க்காரி
மார்ச் 3, மதியம் 2:15

நான் சரபங்கா ஆத்துப் பக்கம். சேர்வராயன் மலையில மழை அடிச்சா ரெண்டு நாள் செம்மண் கலர்ல ஓடும், மூணாம் நாள் பாலத்துக்கடியில பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. எங்க பக்கம் மேட்டூர் உபரி நீரை 100 ஏரிக்குக் கொண்டு போற திட்டம் வந்துச்சு, 565 கோடி. திப்பம்பட்டியில பம்ப் பண்ணி மேல ஏத்தறாங்க. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பேர்லயே இருக்கு பாருங்க, உபரி. மேட்டூர் நிரம்பி வழிஞ்சாத்தான் நமக்கு. 2023-ல ஜூன் 12-ஆம் தேதி டெல்டாவுக்குத் திறந்த அணையை அக்டோபர்லயே மூடிட்டாங்க. அந்த வருசம் உபரிக்கு எங்க போறது? பெரிய தண்ணி வரும் வரும்னு சின்னத் தண்ணியைக் கோட்டை விட்டுடாதீங்க.

உங்க கதைக்கு வர்றேன். எங்க கிணத்துல அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பங்கு, அதுல எங்க வீட்டுக்காரருக்குக் கால் பங்கு. சொட்டுநீர் போடற வரைக்கும் எங்க முறை வர்ற நாள்ல நாலு வாய்க்கால் மடை மாத்தி, மம்பட்டியோட ஓடி, கடைசிப் பாத்திக்குத் தண்ணி போறதுக்குள்ள முறை முடிஞ்சிடும். கிணத்துல இருந்து எடுத்ததுல பாதி வாய்க்கால் குடிச்சிரும்.

அஞ்சு ஏக்கருக்குள்ள இருந்தா சிறு குறு விவசாயி சான்று வாங்கிக்கங்க, சொட்டுநீருக்கு முழு மானியம். அதுக்கு மேல இருக்கறவங்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், போட்டோ எல்லாம் வேணும். கூட்டுக் கிணறுங்கறதால பங்காளி சம்மதக் கடிதமும் கேப்பாங்க. அதனால அவர்கிட்ட இப்பவே நல்லாப் பேசி வைங்க.

எங்களுக்கு மாட்டிக் குடுத்த கம்பெனிக்காரங்க பேரைச் சொல்லல. ஃபில்டரைச் சின்னதா வச்சுட்டுப் போயிட்டாங்க. நம்ம கிணத்துத் தண்ணி உப்பு. ஆறு மாசத்துல சொட்டுவான் எல்லாம் வெள்ளையாப் பூத்து அடைச்சுக்கிச்சு. மாட்டும்போதே கூட நின்னு ஃபில்டர், வெஞ்சுரி (உரம் கலக்கற கருவி), கடைசி மூடி எல்லாம் பாத்து வாங்குங்க. வாரம் ஒரு தடவை கடைசி மூடியைக் கழட்டித் தண்ணியைப் பீச்ச விடுங்க, வர்ற சேத்தைப் பாத்தா நீங்களே பயந்துருவீங்க.

#10 கணக்குப்புலி
மார்ச் 3, மாலை 4:05

தோப்புக்காரரே, முதல்ல உங்க கிணத்துல என்ன இருக்குன்னு அளந்து சொல்லுங்க. 200 லிட்டர் டிரம்மை டெலிவரி பைப்புக்கு அடியில வைங்க. நிறைய எத்தனை வினாடி ஆகுதுன்னு போன்ல பாருங்க. மூணு தடவை பாத்து சராசரி போடுங்க. அப்புறம் பேசலாம்.

#11 பாக்குத்தோப்பு85
மார்ச் 5, இரவு 7:30

அளந்துட்டேன். 58, 61, 61. ஒரு நிமிசம்னு வச்சுக்கலாம். டிரம்மைப் பிடிச்சுக்கிட்டு நின்ன சின்னவன் முழுசா நனைஞ்சு ஒரே குஷி.

போர் வண்டியைத் தள்ளி வச்சிருக்கேன். மாமனார் பேசறது இல்ல.

#12 கணக்குப்புலி
மார்ச் 5, இரவு 9:15

நிமிசத்துக்கு 200 லிட்டர். மணிக்கு 12,000. ஒன்றரை மணி நேரத்துக்கு 18,000. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உங்க முறை, அதனால நாளுக்கு 9,000. 780 மரத்துக்குப் பங்கு போட்டா மரத்துக்கு 11 லிட்டர் சொச்சம். சொட்டுநீர்ல காய்க்கற பாக்குக்குக் கோடையில 16-ல இருந்து 20 லிட்டர் வரைக்கும் வேணும். பத்தாது. ஆனா சாகாது.

இப்ப நீங்க பண்ற மாதிரி பாத்தியில கட்டுனா? ஒரு தடவை ரெண்டு அங்குலம் நிக்கற மாதிரி ஒன்றரை ஏக்கருக்கு விட 3 லட்சம் லிட்டர் ஆகும். உங்ககிட்ட வாரத்துக்கு இருக்கறதே 63,000. அஞ்சு வாரம் சேத்தாத்தான் ஒரு பாய்ச்சல். அதான் முதல் ரெண்டு வரிசை பச்சையாவும் கடைசி வரிசை மஞ்சளாவும் இருக்குது. சரியா?

#13 பாக்குத்தோப்பு85
மார்ச் 5, இரவு 9:22

நேர்ல வந்து பாத்த மாதிரி சொல்றீங்களே. கடைசி நாலு வரிசையில மட்டை தொங்கிருச்சு.

#14 மதகுச்சாவி
மார்ச் 6, காலை 5:15

இப்போது முறைக்கு வருகிறேன். நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறைக்கிறீர்கள். இறைத்து முடித்ததும் ஊற்று வேகமாக வரும். மட்டம் ஏற ஏற வேகம் குறையும். முக்கால்வாசி ஏறியபின் ஊற்று தூங்க ஆரம்பித்துவிடும். பழைய ஆட்கள் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்தில் காலையில் ஒரு கட்டு, சாயந்திரம் ஒரு கட்டு என்று பிரித்தது மாட்டுக்கு ஓய்வு கொடுக்க மட்டும் இல்லை, கிணற்றுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு நாள் நீ, ஒரு நாள் அவன் என்பதை மாற்றி, தினமும் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று வைத்துப் பார். காலை ஊற்று எப்போதும் கூடுதலாக இருக்கும், அதனால் வாரத்துக்கு ஒரு முறை காலையை மாலையாக மாற்றிக்கொள்ளுங்கள். மும்முனை கரண்ட் வருகிற நேரத்தையும் பார்த்துக்கொள்.

பாகப் பத்திரத்தை நீட்டிப் பேசாதே. பத்திரத்தை எடுத்தால் அவனும் பத்திரத்தை எடுப்பான். அளந்த கணக்கைக் காட்டு.

#15 குச்சிக்கிழங்கு ராஜா
மார்ச் 6, காலை 8:00

விளையாட்டு போதும், ஒரு உருப்படியான விசயம். கிழங்குக்குத் தண்ணி குடுக்காதீங்க. அஞ்சு மாசம் ஆன குச்சி இலையைக் கொட்டிட்டு மொட்டையா நிக்கும், பாத்து மனசு ஒடஞ்சிடாதீங்க. சித்திரையில ஒரு மழை அடிச்சா திரும்பத் துளுக்கும். ஆனா துளுக்கற நேரத்துல பிடுங்கிடாதீங்க. கிழங்குல இருக்கற மாவை எடுத்துத்தான் அது தளிர் விடும், பாயிண்ட் (மாவு அளவு) இறங்கிடும், மில்லுல அடிச்சுப் பேசுவாங்க. ரெண்டு மாசம் விட்டு வெட்டுங்க. ஏத்தாப்பூர்லயே மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஒரு எட்டு போய் வறட்சி தாங்கற ரகம் விதைக்குச்சி பத்திக் கேட்டுட்டு வாங்க. பஸ்ல பத்து நிமிசம்.

#16 தலைவாசல் தம்பி
மார்ச் 6, இரவு 9:40

கணக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு கிணத்துல ரெண்டு பேர் ஒத்துப்போனா சரி. ஆத்துல ரெண்டாயிரம் பேருக்கு யாரு டிரம் வச்சு அளக்கறது? பாசனச் சங்கம்னு 2000-ஆம் வருசமே சட்டம் போட்டாங்க, தேர்தல் நடத்தித் தலைவரும் போட்டாங்க. நிலத்தடி நீருக்குன்னு 2003-ல ஒரு சட்டம், அதை 2013-ல எடுத்தே விட்டாங்க. எங்க பக்கம் சங்கக் கூட்டம்னா டீயும் பன்னும்தான் மிச்சம்.

#17 மதகுச்சாவி
மார்ச் 7, காலை 5:20

தலைவாசல் தம்பி சொல்வதில் பாதி உண்மை. சங்கம் வேலை செய்த வருடமும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் கடைமடைக்கு முதலில் தண்ணீர் விட்டு, அப்புறம் மேலே ஏறி வந்தோம். முதல் ஏழு நாள் தலைமடை மதகு எல்லாம் பூட்டு. பெரிய சண்டை நடக்கும் என்று நினைத்தேன், நடக்கவில்லை. கடைமடைக்காரர்களே ராத்திரி முறை வைத்து மதகுக்கு மதகு ஆள் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். என் 28 வருடத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிய ஒரே பருவம் அது. அடுத்த வருடம் அணை நிரம்பவில்லை, பழக்கம் விட்டுப்போயிற்று.

#18 ஓமலூர்க்காரி
மார்ச் 7, காலை 11:30

தோப்புக்காரரே, சொட்டுநீர் வர்ற வரைக்கும் மண் வாய்க்காலை மூடிருங்க. சுருட்டற டெலிவரி குழாய் வாங்கி நேரா மரத்தடிக்கு விடுங்க. ஒரு நாள் ஒத்தைப்படை வரிசை, அடுத்த முறைக்கு இரட்டைப்படை. விழுந்த பாக்குமட்டை, தழை எல்லாத்தையும் மரத்தைச் சுத்திப் பரப்புங்க. மட்டையை மொத்தமாத் தட்டு செய்யறவங்களுக்கு வித்துடாதீங்க, இந்தக் கோடைக்கு மட்டுமாவது. ஏரி வண்டல் எடுக்க இப்ப தாசில்தார் ஆபீஸ்லயே அனுமதி தர்றாங்க. ஏரி காஞ்சிருக்கும்போதே ரெண்டு டிராக்டர் அடிச்சுட்டா அந்த மண் ஈரத்தை விடாது.

#19 பாக்குத்தோப்பு85
மார்ச் 16, இரவு 8:10

பெரியப்பா பையன் அண்ணன்கிட்ட முறையை மாத்தறதைப் பத்திப் பேசியாச்சு. முதல்ல "என்னடா, திருப்பூர் போயிட்டு வந்து கணக்கு சொல்லித் தர்றியா"ன்னாரு. டிரம்மை அவர் முறை நாள்லயும் வச்சுக் காட்டுனேன். அவரே போனைப் பிடுங்கி எண்ணுனார். "சரி, ஒரு மாசம் பாப்போம், ஒத்து வரலைன்னா பழையபடி"ன்னுட்டார். அண்ணி மட்டும் "காலைத் தண்ணி முதல் வாரம் எங்களுக்கு"ன்னாங்க. விட்டுக்குடுத்துட்டேன்.

#20 பாக்குத்தோப்பு85
ஜூன் 21, மாலை 6:45

கேட்டவங்களுக்காக எழுதறேன், ரொம்ப நாள் ஆயிருச்சு.

காலையில 70 நிமிசம், சாயந்திரம் 55 நிமிசம் கிணறு தாங்குச்சு. முன்ன நாளுக்கு 90 நிமிசம், இப்ப 125. பத்திரத்துல இருக்கற அதே பாதிப் பாதிதான், ஆனா ஆளுக்கு நாளுக்கு 12,500 லிட்டர் சராசரியா வந்துச்சு, மரத்துக்கு 16. கணக்குப்புலி சொன்ன 16-ஐக் கஷ்டப்பட்டுத் தொட்டாச்சு. பங்குனிக் கடைசியில மட்டம் ரொம்ப இறங்கி ரெண்டு வாரம் அதுவும் வரல, 40 நிமிசத்துக்குள்ள காத்து இழுத்துச்சு. அப்ப அண்ணன் அவர் சோளத்தை விட்டுட்டு நாலு நாள் சாயந்திர முறையை எனக்கே குடுத்தார். நான் கேக்கல.

சொட்டுநீர் மானியத்துல சித்திரையிலதான் மாட்டுனாங்க. கூடவே நின்னு ஃபில்டரைப் பாத்து வாங்குனேன் அக்கா. 31 மரம் போயிருச்சு, எல்லாம் கடைசி வரிசை. அந்த இடத்துல திரும்பப் பாக்கு வைக்கல. தலைவாசல் தம்பி சொன்ன மாதிரியே இருக்கட்டும்னு ஆமணக்கு போட்டிருக்கேன்.

கிழங்கு மொட்டையா நின்னுச்சு, மழைக்கப்புறம் துளுத்திருக்கு. வெட்டல, ஆவணி வரைக்கும் விடறேன். மாமனார் போன வாரம் வந்து தோப்பைச் சுத்திட்டு ஒன்னும் சொல்லாம ரெண்டு இளநி குடிச்சுட்டுப் போனார். நகை பீரோவுலதான் இருக்கு.

இப்ப ஒரே தலைவலி அணில்தான். மரத்துக்கு மரம் போற சின்னச் சொட்டுநீர்க் குழாயைக் (லேட்டரல்) கடிச்சுக் கடிச்சு ஓட்டை போடுது. நேத்து மட்டும் 14 இடம். இதுக்கு என்ன வழி?

#21 ஓமலூர்க்காரி
ஜூன் 21, இரவு 7:30

அதுக்குத் தாகம், குழாய்க்குள்ள தண்ணி ஓடற சத்தம் கேக்குது. மருந்து எதுவும் வச்சுடாதீங்க. அங்கங்க மரத்தடியில கொட்டாங்குச்சியில தண்ணி ஊத்தி வைங்க, முக்கால்வாசி நின்னுரும். கடிச்ச இடத்தை வெட்டி ஜாயின்ட் போட்டுக்கங்க.

#22 குச்சிக்கிழங்கு ராஜா
ஜூன் 21, இரவு 7:52

கொட்டாங்குச்சிக்கு அலைய வேண்டாம். தென்கிழக்கு மூலையில செங்குத்தா எந்திரிச்சு நின்ன தேங்காய் இருக்குதா, இல்ல ஐயா கொண்டு போயிட்டாரா?